ஓரப்பேச்சு யாருக்கும் கேக்காது

போன வாரம் எங்க பழைய டிப்பார்ட்மெண்ட்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணு போன் பண்ணுச்சு. புதுசா வேலைக்குச் சேந்த உதவிப் பேராசிரியை. "மேடம், அந்தச் செவிட்டு வியாபாரி நாடகத்த அடுத்த வருசத்துல இருந்து சிலபஸ்ல எடுத்துட்டாக. கடைசியா நான்தான் நடத்துறேன். அதுல அசைட், அசைட்னு வருதே, அத பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? என்ன சொன்னாலும் செல்லுல அர்த்தம் பாத்து எழுதிட்டுப் போயிருதுக"ன்னு கேட்டுச்சு. போன்ல சொல்லி முடிக்கிற சங்கதியா அது? எழுதி அனுப்புறேன்னு சொல்லிட்டேன். எழுத உக்காந்தா அசைட் எங்கிட்டோ போயிருச்சு. ஆசீர்வாதம் சாரும், செல்லத்தாயும், மயில்துத்த மூட்டையும்தான் கண்ணு முன்னால வந்து நிக்குது.

எனக்கு போடி. பஜார்ல எங்கப்பாவுக்கு இரும்புக்கடை. ஆணி, கீலு, கதவுத் தாப்பா எல்லாம் நிறுத்துக் குடுக்குற வீட்டுல இருந்து ஒரு பொம்பளப் பிள்ள எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கப் போகுதுன்னதும் பக்கத்துக் கடைக்காரவுக எல்லாம் எங்கப்பாவ பாவமாப் பாத்தாக. மதுரையில படிச்சு முடிச்சு, எழுபதுகள்ல, கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவுல இருந்த ஒரு காலேஜ்ல டியூட்டரா சேந்தேன். காலேஜ் பேரு வேண்டாம். சொன்னா, இன்னைக்கும் ஊருக்கு நாலு பேரு "அது எங்க மாமாவச் சொல்லுது"ன்னு கெளம்பிருவாக.

எங்க டிப்பார்ட்மெண்ட் தலைவரு ஆசீர்வாதம் சார். ஒல்லியா, நெட்டையா, சித்திரை வெயில்லயும் கறுப்புக் கோட்டோட வருவாக. சபையில மூப்பரு. பொய் சொல்லமாட்டாக. பொய் சொல்லமாட்டாகன்னா, நம்ம மாதிரி பெரிய பொய் சொல்லாம சின்னப் பொய்யா பாத்துச் சொல்ற ஆளு இல்ல. சுத்தமா சொல்லமாட்டாக. ஒரு தடவ சரித்திர வாத்தியாரு ஒருத்தருக்குப் பணி ஓய்வு விழா. ஆளாளுக்கு வானத்துக்கும் பூமிக்கும் புகழ்ந்து பேசுனாக. ஆசீர்வாதம் சார் எந்திரிச்சு, "இவுக நேரத்துக்கு வந்தாக. நேரத்துக்குப் போனாக"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாக. மாலையப் போட்டுக்கிட்டு இருந்த மனுசன் அதுக்கு மேல சிரிக்கவே இல்ல. ஆசீர்வாதம் சாரோட சம்சாரம் மீன் கொழம்பு எப்படின்னு கேக்குறத விட்டு ரொம்ப வருசமாச்சுன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்குவாக.

புதுசா வர்ற டியூட்டர் ஒரு வருசம் சார் வகுப்புல கடைசி பெஞ்சுல உக்காரணும். அது அவுக போட்ட சட்டம். நானும் உக்காந்தேன். எம்.ஏ. படிச்ச திமிரு தலைக்குள்ள இருந்துச்சு. இவுக நமக்கு என்ன சொல்லிரப் போறாகன்னு கைய கட்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன்.

அந்த நாடகம் நானூறு வருசத்துக்கு முந்தி, ஐரோப்பாவுல மறுமலர்ச்சிக் காலம்னு சொல்றோமே, அப்ப எழுதுன கேலி நாடகம். கதை இதுதான். ஒரு துறைமுகப் பட்டணத்துல ஒரு தானிய வியாபாரி. ஊருல பஞ்சம். இவன் கிட்டங்கி, அதான் குடோன், நெறைய கோதுமை. கேட்டு வர்றவுகளுக்குப் பதில் சொல்லச் சங்கடப்பட்டு, "எனக்குக் காது கேக்காமப் போச்சு"ன்னு நடிக்க ஆரம்பிக்கிறான். ஊர்ப் பெரிய மனுசங்க ஒவ்வொருத்தரா வந்து, மொகத்துக்கு நேரா கும்புடு போட்டுக்கிட்டே வாய்க்குள்ள அவனத் திட்டுறாக. அவனுக்கு எல்லாம் கேக்குது, ஆனா கேக்குதுன்னு காட்டிக்க முடியல. கடைசியில கேசு கோர்ட்டுக்குப் போகுது. நீதிபதி, "இவன் கிட்டங்கியத் தெறந்து ஊருக்குப் பிரிச்சுக் குடுக்க உத்தரவு போடுறேன். ஆட்சேபம் இருந்தா ஒடனே சொல்லணும்"ங்கிறாரு. வியாபாரி வாயத் தெறந்தா காது கேக்குதுன்னு ஆயிரும். தெறக்கலன்னா கோதுமை போயிரும். முழிச்சுக்கிட்டு நிக்கிறான், திரை விழுந்துருது.

பரீச்சைக்கு வருசா வருசம் ஒரே கேள்விதான் வரும்: 'இந்நாடகத்தின் இலக்கியக் கூறுகளை ஆராய்க.' மத்த காலேஜ்ல எல்லாம் வாத்தியாருமாரு நோட்ஸ் சொல்வாக, பிள்ளைக எழுதிக்கிட்டு மனப்பாடம் பண்ணும். கதைப்பின்னல் ஒரு பக்கம், பாத்திரப்படைப்பு ஒரு பக்கம், அங்கதம் அரைப் பக்கம். ஆசீர்வாதம் சார் நோட்ஸே குடுக்கமாட்டாக. சாக்பீஸ எடுத்து போர்டுல கேள்விகள எழுதுவாக. எந்தக் காட்சியா இருந்தாலும் அதே கேள்விதான். மேடையில யாரு யாரு நிக்கிறாக? ஒவ்வொருத்தருக்கும் என்ன வேணும்? யாரு பேசுறது யாருக்குக் கேக்குது? நம்மளுக்குத் தெரிஞ்சது எது மேடையில இருக்கிறவனுக்குத் தெரியல? கடைசியா, நாம யாரப் பாத்துச் சிரிக்கிறோம்? "இதுக்குப் பதில் சொல்லிட்டீகன்னா கூறு கூறா ஆராய்ஞ்சாச்சு. பேரு அப்புறம் வச்சுக்கலாம்"பாக. நாலஞ்சு வகுப்புக்குள்ள என் கட்டுன கை அவுந்துபோச்சு. மதுரையில நான் படிச்சதெல்லாம் பேருதான்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு.

மூணாவது கேள்வியிலதான் பிள்ளைக முட்டிக்கிட்டு நின்னாக. பாத்திரம் ஒண்ணு ஓரமாத் திரும்பி, மனசுல இருக்கிறத பாக்குறவுகளுக்கு மட்டும் சொல்லும். பக்கத்துல நிக்கிறவுகளுக்குக் கேக்காது. அதுதான் அசைட். செல்லத்தாய் எந்திரிச்சுச்சு. காமயகவுண்டன்பட்டிக்காரி. தெனமும் டவுன் பஸ்ல வரும், மணி மணியாப் பேசும்.

"சார், ஒரு மொழம் தள்ளி நிக்கிறவனுக்கு எப்படி சார் கேக்காமப் போகும்? எங்க வீட்டுல அடுப்படியில மொணங்குனா எங்கய்யாவுக்குத் தோட்டத்துல கேக்கும்."

எல்லாரும் சிரிச்சாக. சார் சிரிக்கல. "அது காது சம்பந்தப்பட்டது இல்லம்மா. ஒப்பந்தம். திருவிழா நாடகத்துல பபூன் வந்து ராசாவ வச்சுக்கிட்டே ராசாவக் கேலி பண்றான்ல? ராசாவுக்குக் கேக்குதா?"

"கேக்காது சார்."

"ஏன் கேக்காது?"

"கேட்டா அப்புறம் நாடகம் எப்படி சார் நடக்கும்?"

சாருக்கு மொகம் மலர்ந்துபோச்சு. நான் அப்படி ஒரு தடவதான் பாத்திருக்கேன். அங்கனயே ஒரு சட்டம் போட்டாக. இந்த நாடகம் நடத்தி முடிக்கிற வரைக்கும், இந்த வகுப்புல யாரு வேணும்னாலும் ஜன்னல் பக்கம் திரும்பி, கன்னத்துல கைய மறைச்சு வச்சு, மனசுல பட்டதச் சொல்லலாம். மேடையில நிக்கிற யாருக்கும் அது கேக்காது. சிரிக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. "நானும் மேடையிலதான் நிக்கிறேன். எனக்கும் கேக்காது"ன்னு முடிச்சாக.

பிள்ளைக அதுக்கு ஓரப்பேச்சுன்னு பேரு வச்சுதுக. மொதல்ல பயந்துக்கிட்டு "பசிக்குது", "பெல் அடிக்கிறவரு தூங்கிட்டாரு"ன்னு சொல்லிப் பாத்துதுக. சாரு காதுலயே விழாத மாதிரி பாடம் நடத்துனாக. அப்புறம் ஒரு நாளு செல்லத்தாய் ஜன்னலப் பாத்து, "இந்த வெயில்ல அந்தக் கோட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு சொல்லிருச்சு. சாரு, விட்ட வரியில இருந்து வாசிச்சாக. மறுநாளு வகுப்புக்கு வெள்ளச் சட்டையோட வந்தாக. கோட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல. யாரும் சிரிக்கல. ஆனா அந்த வகுப்புக்கு ஓரப்பேச்சோட ருசி அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் யாரு வாய மூட முடியும்? கேண்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே ஓரமாத் திரும்பி "தண்ணியக் காச்சி வெல குறிச்சிருக்காக"ம்பான் ஒருத்தன். பஸ்ல கண்டக்டர் கிட்டயே ஆரம்பிச்சிட்டாக. ஸ்டாஃப் ரூம்ல கணக்கு வாத்தியாரு, பிரின்சிபால் போன பக்கம் பாத்து கைய வச்சு மறைச்சு ஏதோ சொன்னாரு. எங்களுக்கு யாருக்கும் கேக்கல.

இப்ப மயில்துத்தத்துக்கு வர்றேன். எங்க காலேஜ் கரஸ்பாண்டென்ட் பெரிய திராட்சைத் தோட்டக்காரரு. நல்ல மனுசன்தான், கொடுக்கிற கை. ஆனா கல்வெட்டுன்னா உசுரு. தண்ணித் தொட்டிக்கு ஒரு கல்வெட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒண்ணு. 'மாணவியர் ஓய்வறை'ன்னும் ஒரு ரூமு கட்டி, கல்வெட்டுத் தெறந்து, போட்டோ புடிச்சாக. உள்ள கக்கூசு, குழாய், உக்கார பெஞ்சு எல்லாம் இருந்துச்சு. தெறந்த மறு மாசமே பூட்டு விழுந்துருச்சு. திராட்சைக் கொடிக்குச் சுண்ணாம்போட கலந்து அடிப்பாகல்ல மயில்துத்தம், அந்த மூட்டையும் ஸ்ப்ரேயரும் அதுக்குள்ள வந்து உக்காந்துக்கிருச்சு. மழைக்கு ஓடு ஒழுகி, கதவுக்கு அடியில நீலமாத் தண்ணி வழிஞ்சு வாசப்படியில காஞ்சு கெடக்கும்.

ஆம்பளைகளுக்கு இது வேடிக்கையாத் தெரியலாம். எங்களுக்கு எரிச்சலா இருக்கும். விடியக்காலம் பஸ் ஏறி வர்ற பிள்ளைக, பொழுது சாய வீட்டுக்குப் போற வரைக்கும் ஒதுங்க எடமில்லாம, தண்ணி குடிக்காமயே உக்காந்திருக்கும். நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். ஆபீசுல நான் சொன்னப்பல்லாம் ஹெட் கிளார்க்கு சுப்பையா "அடுத்த வாரம் எடுத்துருவாக மிஸ்"ம்பாரு. அந்த அடுத்த வாரம் வரவே இல்ல.

ஒரு நாளு யுனிவர்சிட்டியில இருந்து கமிஷன் வந்துச்சு, காலேஜ் வசதியெல்லாம் பாக்க. கரஸ்பாண்டென்ட் அவுகளக் கூட்டிக்கிட்டு, பின்னால பிரின்சிபாலோட, எங்க வகுப்புக்குள்ள நுழைஞ்சாரு. அப்ப செல்லத்தாய் வியாபாரியோட வேலைக்காரன் வசனத்த வாசிச்சுக்கிட்டு ஜன்னலோரம் நிக்குது. நான் கடைசி பெஞ்சு. கரஸ்பாண்டென்ட் வந்தவுகளுக்குச் சொல்றாரு: "பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு தனி ஓய்வறை கட்டிக் குடுத்திருக்கோம். இந்தப் பள்ளத்தாக்குல வேற எங்கயும் கெடையாது. கல்வெட்டப் பாத்திருப்பீக."

செல்லத்தாய் புஸ்தகத்த எறக்குச்சு. ஜன்னல் பக்கம் திரும்புச்சு. கன்னத்துல கைய வச்சுச்சு.

"கல்வெட்டு எங்களுக்கு. ரூமு துத்தத்துக்கு."

திரும்பி, விட்ட எடத்துல இருந்து வாசிச்சுச்சு. வகுப்புல ஒரு பய சிரிக்கலயே! எல்லாரும் பழகுன பழக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்காக. சிரிச்சிருந்தாக் கூட ஏதோ சின்னப் பிள்ளைகன்னு போயிருக்கும். கமிஷன்ல வந்த ஒரு பெரியவருக்கு மட்டும் எங்க சட்டம் தெரியாதுல்ல, அவரு மெனக்கெட்டுத் திரும்பி, "என்ன துத்தம்?"னு கேட்டாரு. கரஸ்பாண்டென்ட் மொகம் கறுத்துப்போச்சு. "அது பாடம் சார், பாடம்"னு சொல்லி அவுகள வெளிய தள்ளாத குறையாக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

மறுநாளு நோட்டீசு. விருந்தினர் முன்னிலையில் முறைகேடான சொற்கள் பேசிய மாணவி மீது சனிக்கிழமை விசாரணை. தகப்பனார் நேரில் வர வேண்டும்.

செல்லத்தாய் என்னத் தேடி வந்துச்சு. "மிஸ், டி.சி. குடுத்துட்டா எனக்குப் படிப்பு அம்புட்டுத்தான். காலேஜ்ல இருந்து ஒரு சொல்லு வந்தாலும் நிப்பாட்டிருவேன்னு சொல்லித்தான் எங்கய்யா சேத்துவிட்டாக. மாமன் மகன் வேற காத்துக்கிட்டு இருக்கான். ஆடி முடிஞ்சதும் தாலி கட்ட வச்சிருவாக மிஸ்." கடைசி வருசம். இன்னும் பரீச்ச மட்டும்தான் பாக்கி. அந்தப் பிள்ள சொன்னது நான் வாய் வலிக்கச் சொல்லியும் நடக்காத விசயம்தானே!

நேரா சார் கிட்டப் போனேன். பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாக.

"சார், விசாரணையில உங்களத்தான் கேப்பாக. கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. முடிஞ்சுபோகும்."

"கேட்டுச்சே கிரேஸ்."

"சட்டம் நீங்கதான சார் போட்டீக? எனக்கும் கேக்காதுன்னு?"

"அது நாடகத்துக்கு. விசாரணையில பொய் சொல்லச் சொல்றியா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அவுக மை பாட்டிலத் தூக்கி எறிஞ்சிருப்பேன். எறியல. ஜன்னல் பக்கம் திரும்பி, கன்னத்துல கைய வச்சு, "ஒரு பிள்ள வாழ்க்கைய விடவும் சிலருக்கு அவுக நாக்குச் சுத்தம்தான் பெருசு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வேலையில சேந்து ஒரு வருசம் கூட ஆகல எனக்கு. சாரு நிமிந்து பாக்கல. பேனா மட்டும் அப்படியே நின்னுபோச்சு.

சனிக்கிழமை கரஸ்பாண்டென்ட் ரூம்ல எல்லாரும் கூடுனோம். அவரு நடு நாற்காலியில. ஒரு பக்கம் பிரின்சிபால், எதுத்தாப்புல ஆசீர்வாதம் சாரும் நானும். ஹெட் கிளார்க்கு சுப்பையா காயிதமும் பேனாவுமா உக்காந்திருக்காரு. செல்லத்தாயோட அய்யா கருப்பணன், கக்கத்துல துண்டோட சுவத்த ஒட்டி நிக்கிறாக. சொந்தமாக் கொஞ்சம் திராட்சை வச்சிருக்கிற மனுசன். கையெல்லாம் கொடிப் பந்தல் கம்பி கீறுன தழும்பு. மகள ஏறெடுத்துப் பாக்கல. ஜன்னலுக்கு வெளிய, மைதானத்துக்கு அங்கிட்டு, அந்த ஓய்வறையும் பூட்டும் நீல வாசப்படியும் பளிச்சுன்னு தெரியுது.

சுப்பையா குத்தச்சாட்ட வாசிச்சாரு: "முறைகேடான சொற்களைப் பேசியதாக..."

"என்ன சொற்கள்?"னு கேட்டாக ஆசீர்வாதம் சார்.

சுப்பையா காயிதத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அது போடல சார்."

"வார்த்த எதுன்னு போடாம, முறைகேடா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"அத எப்படிய்யா எழுதச் சொல்றீக?" கரஸ்பாண்டென்ட் மேசையத் தட்டுனாரு. எழுதுனா துத்தம் ரெக்கார்டுல ஏறிரும், யுனிவர்சிட்டிக்கு நகல் போகும்னு அவருக்குத் தெரியாதா?

சாருக்கு அவசரமே இல்ல. வகுப்புல போர்டு முன்னால நிக்கிற மாதிரியே நிதானமாப் பேசுனாக. "சரி, எழுத வேண்டாம். அன்னைக்கு அங்கன யாரு யாரு நின்னாக? கரஸ்பாண்டென்ட் ஐயா, பிரின்சிபால், கமிஷன்காரவுக, நாங்க. அந்தப் பிள்ள பேசுனது யாருக்குக் கேட்டுச்சு? கேட்டவுக இன்ன வார்த்தன்னு சொல்லட்டும்."

போர்டுல எழுதுற அதே கேள்வி! பிரின்சிபால் தொண்டையச் செருமி, "எனக்குச் சரியாக் கேக்கல. பின்னால நின்னேன்"னாரு. கரஸ்பாண்டென்ட் "எனக்கு..."ன்னு ஆரம்பிச்சு, ஜன்னலப் பாத்து, நிப்பாட்டிட்டாரு. கேட்டுச்சுன்னா என்ன கேட்டுச்சுன்னு சொல்லணும். சொன்னா துத்தம். கேக்கலன்னா விசாரணையே இல்ல. நான் செல்லத்தாயப் பாத்தேன், செல்லத்தாய் என்னப் பாத்துச்சு. எங்க நாடகத்து வியாபாரி, கோர்ட்டுல முழிச்சவன், அந்தா வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்!

ஆனா அவரு லேசுப்பட்ட ஆளா? நாற்காலியில நிமிந்து உக்காந்தாரு. "ஆசீர்வாதம் சார், நீங்க பொய் சொல்லமாட்டீக. இந்தப் பள்ளத்தாக்குக்கே தெரியும். உங்க வகுப்பு, உங்க பிள்ள. சொல்லுங்க. உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். செல்லத்தாய் தாவணி நுனியப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிக்குது. அவ அய்யா கண்ண மூடிக்கிட்டாக.

ஆசீர்வாதம் சார் எந்திரிச்சாக. சட்டைய இழுத்துவிட்டாக. நாற்காலியச் சுத்தி நடந்து ஜன்னலுக்குப் போனாக. எங்களுக்கு முதுகக் காட்டித் திரும்பி, எலும்பும் தோலுமான அந்தக் கைய எடுத்துக் கன்னத்துல வச்சாக.

"கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. அந்தப் பிள்ள சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல. கமிஷன்காரவுக கேட்டாலும் இதத்தான் சொல்வேன்."

திரும்பி வந்து உக்காந்தாக. "அடுத்த கேள்விய கேளுங்க"ன்னாக.

பிரின்சிபால் கூரையப் பாக்குறாரு. சுப்பையா பேனாவ மூடுறதா தெறக்குறதான்னு தெரியாம பிடிச்சிருக்காரு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா முட்டிக்கிட்டு வருது. மனுசன் பொய்யும் சொல்லல, பிள்ளையவும் விட்டுக்குடுக்கலயே!

கரஸ்பாண்டென்ட் சாரையே வெறிச்சுப் பாத்தாரு. இவரு வீரபாண்டித் திருவிழாவுக்கு வருசா வருசம் நாடகம் வைக்கிற ஆளு. முன் வரிசையில உக்காந்து, பபூன் தன்னையே கேலி பண்ணாலும் தொடையத் தட்டிச் சிரிக்கிறவரு. அவரு மீசை லேசா ஆட ஆரம்பிச்சதப் பாத்தேன். கோவத்துல ஆடுதா எதுல ஆடுதுன்னு கண்டுபிடிக்க முடியல. மெதுவா எந்திரிச்சாரு. வேட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, ஜன்னலுக்குப் போனாரு. சாரு நின்ன அதே எடத்துல நின்னு, கைய மீசை மேல மறைச்சு வச்சாரு.

"ஏலே, திங்கக்கிழமைக்குள்ள அந்தத் துத்தத்தத் தோட்டத்துக்கு ஏத்துங்கடா. எனக்கு மறந்தே போச்சு."

மறந்தே போச்சுன்னப்ப ஆசீர்வாதம் சாருக்கு ஒரு இருமல் வந்துச்சு. அவ்வளவுதான், அடக்கிக்கிட்டாக.

கரஸ்பாண்டென்ட் திரும்பி வந்து நாற்காலியில அமந்தாரு. "யாருக்குமே எதுவும் கேக்கலங்கிறப்ப விசாரணைய எங்கிட்டுப்பா நடத்துறது? குத்தம் நிரூபிக்கப்படலன்னு எழுது, சுப்பையா."

"சரிங்கய்யா. அந்தத் துத்தத்த ஏத்தச் சொன்னது..."

"என்ன துத்தம்?"

"இல்ல, நீங்க இப்ப ஜன்னல்ல..."

"நான் ஒண்ணும் சொல்லலயே. சார், நான் ஏதும் சொன்னேனா?"

ஆசீர்வாதம் சார் வாயத் தெறக்கல. பொய் சொல்லமாட்டாகல்ல. நான்தான் முந்திக்கிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலங்கய்யா"ன்னேன். எனக்கு அந்த விரதமெல்லாம் கெடையாது.

திங்கக்கிழமை ரூமு தெறந்துச்சு. தரையில ஊறுன நீலம் எத்தன தடவ கழுவியும் போகல. அந்த வருசம் பூரா எங்க காலேஜ் பொம்பளப் பிள்ளைகளோட உள்ளங்கால் எல்லாம் நீலம். என் காலும்தான். வராந்தா முழுக்க நீலப் பாதமாக் கெடக்கும், நாங்க சந்தோசமா மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். சார் கிட்ட நான் அன்னைக்குக் கோவத்துல சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கப் போனேன். "எப்ப சொன்ன? எனக்குக் கேக்கலயே"ன்னு சொல்வாகன்னு எதிர்பாத்தேன். அவுக சொல்வாகளா? "கேட்டுச்சு. ராத்திரி தூங்கல"ன்னாக. அம்புட்டுத்தான் பேச்சு.

ஆனா போன்ல கேட்ட அந்தப் பொண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதுகூட இல்ல. விசாரணை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நடந்ததத்தான்.

நான் போடி பஸ்ஸுக்கு நிக்கிறேன். அப்பனும் மகளும் ஊரு பஸ்ஸுக்கு நிக்கிறாக. சுத்தி அவுக ஊருக்காரவுக, சந்தைக்கு வந்தவுக, நாலு பேரு. சங்கதி அதுக்குள்ள பரவியாச்சு. எல்லாரு காதும் இங்கிட்டுத்தான். கருப்பணனுக்கு விட்டுக்குடுக்க முடியுமா? மச்சினன் கிட்ட "இன்னையோட நிப்பாட்டிட்டு வர்றேன்"னு வேற சொல்லிட்டு வந்த மனுசன். சத்தத்த ஏத்துனாக.

"ஊரு சிரிக்க வச்சுட்டியேத்தா! பெரிய மனுசங்க முன்னால என்னையக் கொண்டாந்து சுவத்துல சாத்தி வச்ச மாதிரி நிக்க வச்சுட்டியே! வீட்டுக்கு வா, உன்னையப் பேசிக்கிறேன். படிச்சுக் கிழிச்சது போதும்!"

நான் ஒரு எட்டு முன்னால வச்சேன். ஜெயிச்சுட்டோம்னு சிரிச்சதெல்லாம் வீணாப்போச்சா? காலேஜு அவள விட்டாலும் அய்யா விடலயேன்னு எனக்கு ஆங்காரமா வந்துச்சு. எதுத்துக் கேக்கத்தான் போனேன். அதுக்குள்ள அந்த மனுசன் எங்கிட்டும் பாக்காம, பக்கத்துல நின்ன புளியமரத்துப் பக்கம் திரும்புனாக. கக்கத்துல இருந்த துண்ட எடுத்து, தழும்பு விழுந்த கையோட சேத்துக் கன்னத்துல மறைச்சு வச்சாக.

"திங்கக்கிழம காலேஜுக்குப் போத்தா. பரீச்ச எழுதி முடி. மாமங்கிட்ட நான் பேசிக்கிறேன்."

திரும்பி, துண்ட உதறித் தோள்ல போட்டு, மறுபடியும் அதே சத்தத்துல, "என்ன மரம் மாதிரி நிக்கிறவ? பஸ்ஸு வருது பாரு!"ன்னாக.

செல்லத்தாய் திரும்பிப் பாக்கல. சிரிக்கல. ஒண்ணுமே காதுல விழாதவ மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு, திட்டு வாங்குன பிள்ளையா அப்பன் பின்னாலயே நடந்து பஸ் ஏறுச்சு. கண்ணுல இருந்து மட்டும் தண்ணி தாரையா ஊத்துச்சு. பாத்தவுக, திட்டுனதுக்கு அழுகுதுன்னு நெனச்சுக்கிட்டாக.